தளத்தில் இல்லாத விமானம்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமன்மாரும் சித்தப்பன்மாரும் பிள்ளைகளுக்கென்று கொண்டுவரும் பொருள்களுள் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமானப் பெட்டியும் ஒன்று. பெட்டியின் மேல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாயும் போர் விமானத்தின் வர்ணப் படம். உள்ளே சாம்பல் நிறச் சட்டகங்களில் கொத்துக் காய்கள்போலத் தொங்கும் உறுப்புகள். நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளச் சின்னங்கள். சில பக்க விளக்கக் கடதாசி. பெட்டி கைக்கு வந்த அன்று மாலையே பையன் உறுப்புகளைக் கையால் முறித்தெடுத்து, பசையைப் பிதுக்கி ஒட்டி, இரவோடிரவாக வர்ணமும் பூசிவிடுகின்றான். மறுவாரம் விசிறி ஒரு புறம், சக்கரம் ஒரு புறமாக அது கட்டிலுக்கடியிற் கிடக்கின்றது. கொடுத்தவருக்கும் திருப்தியில்லை, பெற்றவனுக்கும் திருப்தியில்லை.

இவ்வேலையை நிதானமாகச் செய்வது எப்படி என்பதை இவ்வாரம் கூற எண்ணினோம். ஆனால் ‘எப்படி’ என்பதற்கு முன்னே ‘எதை’ என்ற கேள்வி வந்து நிற்கின்றது. கடையிற் கிடைக்கும் பெட்டிகள் எண்ணிறந்தவை. மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் ஒரு மாணவன் தன் மேசைமீது வைக்கத் தகுந்த விமானம் எது? நமது விடை, ஃபெயரி சுவோர்ட்ஃபிஷ் என்பதாகும். வேகத்திலும் தோற்றத்திலும் பெயர்பெற்ற விமானங்கள் வேறு பல உண்டு. இதுவோ இரட்டைச் சிறகும் திறந்த இருக்கையுங் கொண்டு, பார்ப்பதற்குப் பழைய பறவைக்கூடு போன்றது. எனினும் நமது அயற் கடலின் அடியிற் கிடக்கும் ஒரு கப்பலுக்கு உரிய விமானம் இது. அக்கப்பல் மூழ்கிய நாளில் அதன் தளத்தில் இல்லாதிருந்த விமானமும் இதுவே.

கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் தெரிவது வெறுங் கடல்தான். கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தூரத்தில், 50 மீற்றருக்குச் சற்று அதிகமான ஆழத்தில், ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. பயிற்சி பெற்ற சுழியோடிகள் அதனைச் சென்று பார்த்து வருகின்றனர். மற்றையோருக்கு அது பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட அன்று.

ஹேர்மிஸ் சாதாரணக் கப்பலன்று. அதற்கு முந்திய விமானந்தாங்கிகள் வேறு தேவைக்குக் கட்டப்பட்டுப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டவை. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கிக் கப்பலாக வரைந்து, அவ்வாறே கட்ட ஆரம்பித்தது உலகில் இதுவே முதலாவது. 1918இல் அடிக்கட்டை இடப்பட்டது. 1919இல் நீரில் இறக்கப்பட்டது. வேலை இழுபட்டு 1924இலேதான் சேவைக்கு வந்தது. அதற்கிடையில் ஜப்பானியர் பின்னால் தொடங்கிய ‘ஹோஷோ’வை 1922இலேயே முடித்துக்கொண்டனர். முதலில் தொடங்கியவரை முந்திக்கொண்டு முடித்த அந்நாட்டின் விமானங்களே இருபது ஆண்டுகளின் பின்னர் இக்கப்பலை முடித்தன என்பது, கதையாசிரியர் எவரும் எழுதத் துணியாத ஒரு பொருத்தம்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷொக்காக்கு, ஸுய்க்காக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிகள் அட்மிரல் நகுமோவின் தலைமையில் இந்து சமுத்திரத்தினுள் நுழைந்திருந்தன. நான்கு நாட்களின் பின், 9ஆந் திகதி வியாழக்கிழமை காலை, திருகோணமலைக்கு முறை வந்தது. தாக்குதல் வருவதை அறிந்து, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் முதல்நாள் இரவே வெளியேறித் தெற்கே செல்லும்படி பணிக்கப்பட்டிருந்தன. ஹேர்மிஸும் அதற்குத் துணையாக ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் கரையோரமாக இறங்கி, மட்டக்களப்பு வரை வந்து, மீண்டும் வடக்கு நோக்கித் திரும்பிய வேளையிலே ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுகொண்டது. காலை பத்தரை மணியளவில் தாக்குதல் ஆரம்பமாயிற்று. அனுப்பப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் 85. அவையனைத்தும் ‘ஐச்சி டீ-3-ஏ’ என்னும் வகையைச் சேர்ந்தவை. செங்குத்தாகப் பாய்ந்து குண்டிடுபவை. சுமார் இருபது நிமிடங்களில் ஹேர்மிஸ் கடலுள் மறைந்தது. கப்பல் தலைவர் றிச்சார்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் அதனோடு மாண்டனர். வம்பயரும் உடன் மூழ்கிற்று. அதே நாளில் ‘ஹொலிஹொக்’ என்னும் சிறு போர்க்கப்பலும், ‘அதெல்ஸ்டேன்’, ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல்களும் இதே கடலில் ஆழ்ந்தன. அண்மையிற் சென்றுகொண்டிருந்த ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்தது. நீந்திக் கரை சேர்ந்தோரும் சிலர் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் நாலைந்து நாட்களே இருந்தன.

விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று விமானங்களால் தாக்கப்பட்டபோது அதன் விமானங்கள் எங்கே? அதன் சுவோர்ட்ஃபிஷ் விமானங்களைக் கொண்ட 814ஆம் அணி அதற்கு முன்னரே கரையில் இறக்கப்பட்டிருந்தது. தளம் வெறுமையாக இருந்தது. உதவிக்கென்று கரையிலிருந்து அனுப்பப்பட்ட சண்டை விமானங்கள் வந்துசேர்ந்தபோது கப்பல் நீருக்கு மேலே இல்லை.

விமானங்கள் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. பல புத்தகங்கள் அவ்வெண்ணத்தை வாசகர் மனத்தில் விதைத்துவிட்டு நகர்ந்து விடுகின்றன. நாம் அதனை ஒப்பவில்லை. சுவோர்ட்ஃபிஷ் சண்டை விமானம் அன்று. கப்பலுக்கு எதிராக நீர்மூழ்கிக் குண்டாகிய டோர்ப்பிடோவைச் சுமந்து செல்வதற்கு ஆக்கப்பட்டது. முழு வேகத்திற் பறந்தாலும் மணிக்கு 225 கிலோமீற்றரை எட்டுவது அரிது. ஐச்சி விமானமோ 380 கிலோமீற்றருக்கு மேல் செல்லும். அன்று தளத்தில் அவை நின்றிருந்தால் கப்பலோடு எரிந்திருக்கும். மூவர் மூவராக அவற்றில் ஏறும் விமானிகளிற் பலரும் 307 என்ற எண்ணோடு சேர்ந்திருப்பர். இல்லாமையே அவர்களைக் காத்தது. மேசைமீது நாம் வைக்கப்போகும் சிறு உருவம் இக்கணக்கைச் சுமந்து நிற்பது.

இவ்விமானத்தை ஏளனம் செய்வதற்கும் இடமில்லை. 1934இல் முதன்முதல் பறந்து 1936இல் சேவைக்கு வந்த காலத்திலேயே பழைய பாணி என்று சொல்லப்பட்டது. போர் முடியும் வரை சேவையில் இருந்தது. 1940 நவம்பர் 11ஆந் திகதி இரவில் இத்தாலியின் தாறாந்தோ துறைமுகத்தில் 21 சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் மூன்று பெரும் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தின. 1941 மே மாதத்தில் ஜேர்மனியின் ‘பிஸ்மார்க்’ கப்பலின் சுக்கானை முடக்கியதும் இவ்வகை விமானமே. ஹேர்மிஸின் சொந்த விமானங்களும் சும்மா இருந்தவையல்ல. 1940 ஜூலை 8ஆந் திகதி மேற்காபிரிக்காவின் டக்கார் துறையில் ‘றிஷெலியூ’ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலை ஆறு சுவோர்ட்ஃபிஷ் தாக்கி, ஒரு டோர்ப்பிடோவைப் பொருத்தின. மெதுவாகப் பறப்பதனால் குறுகிய தளத்தில் இலகுவாக இறங்கும். சிறகுகளைப் பின்னே மடக்கிக்கொண்டு சிறிய இடத்தில் அடங்கும். உலோகச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல் ஆகையால் குண்டு துளைத்தாலும் ஓட்டையோடு பறந்து வரும்.

இனி வேலைக்கு வருவோம்.

இத்தகைய பெட்டிகளிற் பெரும்பாலானவை 1/72 என்ற அளவில் வருகின்றன. ஓர் அங்குலம் ஆறடிக்குச் சமம் என்பதே இதன் பொருள். ஆறடி மனிதன் ஓரங்குலம் ஆகிவிடுகின்றான். விமானி பெருவிரலின் மேற்கணுவிற்குள் அடங்குவான் என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். சுவோர்ட்ஃபிஷின் சிறகு முனைக்கு முனை 13.87 மீற்றர், மேசைமீது அது 19 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். நீளம் 15 சென்ரிமீற்றர். ஹேர்மிஸ் கப்பலை இதே அளவில் செய்வதாயின் இரண்டரை மீற்றர் நீளம் வேண்டும். வீட்டு விறாந்தை கொள்ளாது. ஆகவே கப்பலைச் செய்ய விரும்புவோர் 1/700 என்ற அளவிற்குப் போகின்றனர்; அப்போது அது 26 சென்ரிமீற்றராகச் சுருங்கும். அந்த அளவில் ஹேர்மிஸ் கப்பலின் பெட்டியை விற்பது அவோஷிமா என்னும் ஜப்பானிய நிறுவனம். காலம் செய்யும் வேலைகள் பல.

சுவோர்ட்ஃபிஷ் 1/72 அளவில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தாரிடமும், சற்றுப் பெரிய 1/48 அளவில் தமியா நிறுவனத்தாரிடமும் உண்டு. முதன்முறை செய்பவனுக்கு இரட்டைச் சிறகு விமானம் கடினம் என்பர். கடினம் உண்மைதான், ஆயினும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பொறுமைசாலிப் பிள்ளைக்கு, தகப்பனோ தமையனோ பக்கத்தில் இருந்தால், எட்டாத காரியமன்று.

உறுப்புகளைக் கையால் முறிக்கவே கூடாது. வீட்டிலுள்ள நகவெட்டி போதும். சட்டகத்தோடு சேரும் காம்பைச் சற்றுத் தள்ளி வெட்டியபின், மிகுதியைக் கூரிய அலகினாற் சீவி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். அதற்கு முன் சட்டகம் முழுவதையும் சவர்க்கார நீரிற் கழுவி நிழலிற் காயவிடுவது நன்று. வார்ப்பச்சிலிருந்து எளிதாக விடுபடுவதற்குப் பூசப்பட்ட எண்ணெய் சிறிது ஒட்டியிருந்தாலும் வர்ணம் பிடிக்காது.

பசையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. கடதாசியை ஒட்டும் கோந்துபோல இதுவும் இரண்டு பொருள்களுக்கு நடுவே நின்று பிடிக்கின்றது என்று பிள்ளைகள் நினைக்கின்றனர். அப்படியன்று. இப்பசை பிளாஸ்டிக்கைக் கரைக்கின்றது. இரு விளிம்புகளும் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, பசை ஆவியாகப் போனபின் ஒரே துண்டாக இறுகுகின்றன. கொல்லன் இரும்பை உருக்கி இணைப்பதற்கு ஒப்பானது. எனவே அதிகம் பூசினால் அதிகம் பிடிக்கும் என்பதில்லை. அதிகம் கரையும், அவ்வளவே. மெல்லிய தூரிகையால் இணைப்பின் ஓரத்தைத் தொட்டாற் போதும்; இடுக்கினுள் தானே ஓடும். ஆவி நல்லதன்று. யன்னலைத் திறந்து வையுங்கள்; சிறு குழந்தைகளை அருகிலே விடாதீர்கள்.

உடலின் இரு பாதிகளையும் இணைத்து ஓரிரவு விடவேண்டும். கீழ்ச் சிறகைப் பொருத்தியபின் மேற் சிறகைச் சேர்க்க அவசரப்படலாகாது. முதலில் கீழ்ச் சிறகின் மேற்புறத்தையும் மேற் சிறகின் அடிப்புறத்தையும் வர்ணம் பூசி முடித்துவிடுங்கள். பின்னர் தூரிகை அங்கே நுழையாது. மேற் சிறகு தூண்களின்மேல் கோணாமல் அமர்வதே இவ்வேலையின் கண்டம். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. தீப்பெட்டிகளையும் மடித்த அட்டையையும் இரு சிறகுகளுக்கும் நடுவே அடுக்கித் தாங்கலாகக் கொடுத்து, இறப்பர் பட்டியால் இலேசாகக் கட்டி, இரவு முழுவதும் தொடாது விட்டால், காலையில் நேராக நிற்கும்.

அடுத்தது கம்பிகள். சிறகுகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் இல்லாத சுவோர்ட்ஃபிஷ், நரம்பில்லாத வீணை. பெட்டிக்குள் அக்கம்பிகள் பெரும்பாலும் இரா; நாமே செய்யவேண்டும். வாவிக்கரை வீடுகளில் தங்கூசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள்: 0.2 மில்லிமீற்றர் தடித்த தங்கூசி, 72 மடங்கு பெருத்தால் 14 மில்லிமீற்றர் ஆகும். விமானத்தில் இருந்தது கம்பி, விரலளவு தடியன்று. தலைமயிர் இழை ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர், பெருக்கினால் 5 மில்லிமீற்றர், இது பொருத்தம். முற்காலத்தில் தாயாரின் சீப்பிலிருந்து மயிரெடுத்துக் கம்பி கட்டியோர் உண்டு. ஆனால் மயிருக்கு ஒரு குணம் இருக்கின்றது. காற்றில் ஈரம் ஏறினால் நீளும், உலர்ந்தாற் சுருங்கும். காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியிலேயே அதனைப் பயன்படுத்தினர். மாரிகாலத்து மட்டக்களப்புக் காற்றில் அக்கம்பிகள் தொய்ந்து தொங்கும்.

இதற்குச் சிறந்த வழி, மிஞ்சிய சட்டகத்தையே நூலாக இழுப்பது. ஒரு சாண் நீளத் துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடரிற் படாமல், உருட்டிக்கொண்டே பிடிக்கவேண்டும். நடுப்பகுதி இளகி மினுங்கத் தொடங்கியதும் சுடரை விட்டு நீக்கி, இரு கைகளாலும் சீராக இழுத்தால், பாகு நூல்போல நீண்டு வந்து அக்கணமே இறுகும். வேகமாக இழுத்தால் மெல்லிய நூல். மெதுவாக இழுத்தால் தடித்த நூல். பத்துத் தடவை வீணாகும். பதினோராந் தடவை கை அறிந்துகொள்ளும். பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். நூலை அளந்து வெட்டி, பசைத் துளியால் இரு முனைகளையும் ஒட்டிக் காய்ந்தபின், கொளுத்தி அணைத்த ஊதுபத்தியின் கங்கை அதன் அருகே, தொடாமல், ஒருமுறை கொண்டுசெல்லுங்கள். தொய்ந்த நூல் விண்ணென்று இறுகும். இதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் மலர்ச்சி ஒன்றுக்காகவே முழு வேலையையும் செய்யலாம்.

வர்ணத்திற்கு எனாமல் சிறு டப்பிகளும், நீரில் கரையும் அக்ரிலிக்கும் இருக்கின்றன. மழைக் காலத்தில் எனாமல் காய்வதற்கு நாட்கணக்காகும். ஐப்பசி முதல் தை வரை ஒட்டும் வேலையை வைத்துக்கொண்டு, வர்ணத்தை மாசிக்குப் பிறகு தொடங்குவது இப்பகுதிக்கு ஏற்ற முறை. ஒரு தடவையில் தடித்துப் பூசுவதினும், நீர்த்த வர்ணத்தை இரண்டு மூன்று தடவை பூசுவதே மேல். ஒவ்வொரு பூச்சின்மேலும் தூசி விழாதபடி பழைய பிஸ்கற் டின்னைக் கவிழ்த்து மூடிவையுங்கள்.

1942இல் பிரித்தானியக் கடற்படை விமானங்களின் மேற்புறம் இரு நிறங்களால் ஒழுங்கற்ற பட்டைகளாக மூடப்பட்டிருந்தது: ஒன்று கருமை மிகுந்த கடற்சாம்பல், மற்றது பச்சை கலந்த பலகைச்சாம்பல். அடிப்புறம் வெளிறிய நிறம். மேலிருந்து பார்ப்பவனுக்குக் கடலோடு மறையவேண்டும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு மறையவேண்டும். மாரிகாலத்து மாலையில் வாவி நீரைப் பார்த்திருப்பவர்களுக்கு அச்சாம்பலை விளக்கவேண்டியதில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. இரட்டைச் சிறகு விமானத்தில் கீழ்ச் சிறகின் மேற்புறம் மேற் சிறகின் நிழலில் இருப்பதால் இயல்பாகவே கறுத்துத் தோன்றும். அதனை ஈடுசெய்ய அங்கே அதே வகையில் வெளிறிய இரு சாம்பல்களைப் பூசினார்கள். நிழலையும் கணக்கிற் சேர்த்த அந்த வர்ணக்காரரை நாம் வியக்கின்றோம். பெட்டிக்குள் வரும் குறிப்புகள் இதனை எப்போதும் கூறுவதில்லை.

சின்னங்களிலும் திகதி பேசும். பிரித்தானிய விமானத்தின் வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்புப் பொட்டு உண்டு. ஜப்பானியச் சின்னமோ முழுச் செவ்வட்டம். பறக்கும் அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கண்டு தம்மவரையே சுடும் ஆபத்து இருந்தமையால், பின்னர் கீழைத்தேயப் போர்முனையில் அச்சிவப்பை அகற்றிவிட்டனர். 1942 ஏப்ரலில் அம்மாற்றம் இன்னும் வரவில்லை. ஆகவே சிவப்புப் பொட்டோடுதான் நமது விமானம் நிற்கவேண்டும். வாலில் எழுதும் இலக்கத்தையும் குறியெழுத்தையும் ஒளிப்படத்திற் கண்டாலன்றி ஊகித்து எழுதாதீர்கள்; வெறுமையாக விடுவது பொய்யை எழுதுவதினும் நேர்மையானது.

இக்காலத்தில் விமானத்தைப் பழசாகக் காட்டும் மோகம் மிகுந்திருக்கின்றது. சிறகெங்கும் வெள்ளி வர்ணத்தைப் பொட்டுப் பொட்டாக இட்டு, மேற்பூச்சு உரிந்து உலோகம் தெரிவதாகக் காட்டுகின்றனர். சுவோர்ட்ஃபிஷின் சிறகு துணி. உரிந்தாலும் அங்கே உலோகம் தெரியாது. மூக்குப் பகுதியின் தகடுகளில் மாத்திரம் சிறிது காட்டலாம். கப்பல் விமானம் உப்புக் காற்றில் நிற்பது. அதன் வர்ணம் உரிவதினும் வெளிறுவதே அதிகம். நமது கடற்கரை வீடுகளின் யன்னற் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மற்றுமொன்று: ஓரடி தூரத்திலிருந்து இவ்வுருவத்தைப் பார்ப்பது, உண்மை விமானத்தை 72 அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத எதையும் இதில் தீட்டவேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதும்போது சில பெற்றோரின் குரல் நமது செவியில் விழுகின்றது. ‘போர் விமானத்தையா பிள்ளையின் கையிற் கொடுக்கச் சொல்லுகிறீர்கள்?’ இது அற்பமான கேள்வியன்று. 2009இல் முடிந்த போரின் நீண்ட காலத்தில், வானத்தில் இரைச்சல் கேட்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இம்மாவட்டத்தில் இன்றும் வாழ்கின்றது. அத்தகைய ஒருவர் வீட்டில் இருந்து, அப்பெட்டியின் படத்தைப் பார்க்கவே மனம் ஒவ்வவில்லை என்று கூறினால், அதற்கு எதிர்வாதம் கிடையாது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாவியில் ஓடும் தோணியையோ பழைய கல்லடிப் பாலத்தையோ அட்டையாலும் ஈர்க்காலும் செய்யுங்கள். கைப்பயிற்சி ஒன்றே.

அக்கேள்விக்கு வரலாற்றிலும் ஆதாரம் உண்டு. இந்த 1/72 உருவங்கள் பெருகியதே போர்த் தேவையினாலாகும். 1942இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மர விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. ஐம்பது வகை விமானங்கள்; வகைக்குப் பத்தாயிரம். அவற்றைக் கரிய நிறம் பூசி, தூரத்திற் பிடித்துக் காட்டி, நிழலுருவை மாத்திரம் கண்டு நண்பன் யார், பகைவன் யார் என்று சொல்லப் படைவீரரைப் பயிற்றினர். பிள்ளைகளின் வகுப்பறை வேலை துப்பாக்கி பிடிப்போரின் கண்ணைக் கூர்மையாக்கியது.

ஆயினும் கையில் எடுத்து ‘டுமீல்’ என்று ஓடும் பொம்மைக்கும், இரண்டு மாதம் இருந்து செய்த உருவத்திற்கும் வேறுபாடு இருப்பதை நாம் காண்கின்றோம். ஓரங்குல மனிதர் மூவரை ஒருவர் பின் ஒருவராகத் திறந்த இருக்கையில் வைத்து ஒட்டியவன், அவர்களுக்கு மேலே கூரை இல்லை என்பதைக் காண்கின்றான். துணிச் சிறகுக்கு வர்ணம் பூசியவன், அது எவ்வளவு இலகுவில் எரியும் என்பதை எவரும் சொல்லாமலே அறிகின்றான். விரும்பினால் அவனே ஐச்சி விமானத்தையும் செய்யட்டும். அதன் சிறகு 1/72 அளவில் 20 சென்ரிமீற்றர். மேசைமீது இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன்தான். ஒன்றில் மூவர், மற்றதில் இருவர். அவ்விருவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. அவர்களை அனுப்பிய ஐந்து கப்பல்களில் மூன்று, அகாகியும் ஹிர்யூவும் சோர்யூவும், இரண்டே மாதத்தில் மிட்வே தீவுக்கருகில் தீப்பற்றி மூழ்கின. மற்றைய இரண்டும் 1944இல் மூழ்கின. மட்டக்களப்புக் கடலில் வென்றவர்களுக்கும் கடலே கிடைத்தது.

முடிந்த விமானத்தை எதன்மீது நிறுத்துவது என்பது கடைசி வேலை. பெரும்பாலோர் மரப்பலகையில் கோடிட்டு, கப்பல் தளம்போல அடித்தட்டுச் செய்வர். தாறாந்தோவுக்கோ டக்காருக்கோ புறப்படும் விமானமாக இருந்தால் அது சரி. நமது விமானத்திற்கு அது பொருந்தாது. ஒரு சாண் சதுரப் பலகையில் பசை தடவி, சல்லடையில் சலித்த கடற்கரை மணலைத் தூவி, காய்ந்தபின் செம்மண் நிறமும் இடையிடையே காய்ந்த புல்லின் நிறமும் இட்டால் போதும். விமானத்தை அதன்மேல் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தீக்குச்சித் துண்டால் கட்டை கொடுங்கள். டோர்ப்பிடோவைப் பொருத்தவேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும். பலகையின் ஓரத்தில் சிறு கடதாசி ஒன்றில் இவ்வளவு எழுதினாற் போதும்: ‘ஹேர்மிஸ் கப்பலின் 814ஆம் அணி. கரையில். 1942 ஏப்ரல் 9.’